மென்திசுப் புற்றும் வளர்ச்சிச் சமிக்ஞையும்

மனித சரீரத்தில் மூளை, இருதயம், ஈரல் முதலிய பிரதான உறுப்புகளுக்கு இருக்கும் கீர்த்தி, அவற்றைச் சூழ்ந்து தாங்கி நிற்கும் தசை, கொழுப்பு, தசைநார், ரத்தக்குழாய்ச் சுவர், நரம்புறை ஆகிய மென்திசுக்களுக்கு ஒருபோதும் வாய்த்ததில்லை. அவற்றில் தோன்றும் புற்றுநோயும், மார்பகப் புற்று, வாய்ப்புற்று, நுரையீரல் புற்று ஆகியவற்றைப் பற்றி ஊரெங்கும் பேச்சு நடக்கும்போது, பெயர்கூடச் சொல்லப்படாமல் ஒதுங்கியே நிற்கிறது. சார்கோமா என்று வைத்தியர்கள் அழைக்கும் இந்த வியாதி, வயது வந்தோருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் காணப்படுகிறது. ஆனால் அந்த ஒன்றுக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் அடங்கியிருக்கின்றன. தொடையின் ஆழத்தில் வலியின்றிப் பருத்துவரும் கட்டி, வயிற்றின் பின்புறத்தில் சிறுநீரகத்தை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு வளரும் கொழுப்புப் புற்று, தோலில் பழைய தழும்பு என்று எண்ணும்படி பல ஆண்டுகள் சும்மா கிடந்து பிறகு மெல்லப் பரவும் முண்டு ஆகிய யாவும் இந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையே. இவற்றுக்கெல்லாம் வைத்திய சாஸ்திரம் நெடுங்காலம் வைத்திருந்த விடை அறுவைக் கத்திதான்; கத்தியோடு கதிர்வீச்சும் சேர்ந்தது; அவற்றுக்கு அடங்காமல் நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டால், 1970களிலிருந்து, டாக்சோரூபிசின் என்னும் செந்நிற மருந்து ரத்தநாளத்தின் வழியே ஏற்றப்பட்டது. அந்த மருந்தினால் கட்டி கண்கூடாகச் சுருங்குவது ஐந்து பேரில் ஒருவருக்கும் குறைவு என்பதை அதைக் கொடுத்த வைத்தியர்களே நன்கு அறிந்திருந்தார்கள்.

இத்தகைய வியாதிக்கு வேறொரு வழியில் மருந்து தேடலாம் என்ற எண்ணம், புற்றுநோயை நேரே ஆராய்ந்தவர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. காயம் ஆறும் விதத்தை ஆராய்ந்தவர்களிடமிருந்தும் வந்தது. சரீரத்தில் ஒரு வெட்டுக்காயம் ஏற்பட்டால் முதலில் ரத்தம் உறைகிறது. பிறகு அந்த இடத்தை நிரப்பும் பொருட்டு, அதுவரை அசையாமல் உறங்கிக் கிடந்த மென்திசு உயிரணுக்கள் விழித்துக்கொண்டு, பிளந்து, பெருகி, நார்களை நெய்து தழும்பை உண்டாக்குகின்றன. அவற்றை விழிக்கச் சொன்னது யார் என்ற கேள்விக்கு 1974ஆம் ஆண்டு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரஸல் ராஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் எளிமையான ஒரு பரிசோதனையால் விடை கண்டார்கள். ரத்தக்குழாய்ச் சுவரின் தசை உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அவற்றுக்கு உறைந்த ரத்தத்திலிருந்து வடித்த நீரை ஊற்றினால் அவை பெருகின. தட்டணுக்களை முன்னதாகவே நீக்கிவிட்ட ரத்தத்திலிருந்து எடுத்த நீரை ஊற்றினால், போஷாக்கு எல்லாம் இருந்தும், பெருகாமல் சும்மா இருந்தன. அதே நீரில் தட்டணுக்களின் சாற்றைச் சேர்த்தவுடன் மறுபடி பெருகத் தொடங்கின. ஆகவே, ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் வெளியிடும் ஏதோ ஒரு பொருள்தான் அந்தக் கட்டளையைக் கொடுக்கிறது என்பது நிச்சயமாயிற்று. தட்டணு வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

வளர்ச்சிக் காரணிகள் எல்லாம் சிறு புரதங்கள். உயிரணுவின் உள்ளே அவை நுழைவதில்லை; நுழைய வேண்டிய அவசியமும் இல்லை. உயிரணுவின் மேற்சவ்வில் ஏற்பிகள் என்னும் நீண்ட புரதங்கள் ஊடுருவி நிற்கின்றன. அவற்றின் தலை வெளியிலும் வால் உள்ளேயும் இருக்கும். வளர்ச்சிக் காரணி தலையில் வந்து பொருந்தியதும், இரண்டு ஏற்பிகள் நெருங்கி ஜோடி சேர்கின்றன; ஜோடி சேர்ந்ததும் அவற்றின் வால்கள் ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட் என்னும் ரசாயன அடையாளத்தைப் பதித்துக்கொள்கின்றன; அந்த அடையாளத்தைக் கண்டு உள்ளே இருக்கும் வேறு புரதங்கள் வந்து கூடி, அவை மற்றவற்றைத் தூண்டி, அவை இன்னும் சிலவற்றைத் தூண்டி, கடைசியில் உட்கருவிலுள்ள மரபணுக்களுக்குச் செய்தி போய்ச் சேர்கிறது. ஏரிப்பாசனம் உள்ள ஊர்களில், பயிருக்கு நீர் வேண்டிய பொழுது நீர்பாய்ச்சி வந்து மடையைத் திறந்துவிட்டு, போதுமானது பாய்ந்ததும் அடைத்துவிட்டுப் போவதை ஒக்கும் இந்த ஏற்பாடு. மடைப்பலகை உடைந்துபோனால் நீர்பாய்ச்சி வராமலே இரவும் பகலும் நீர் பாயும்; பலகை சரியாகவே இருந்தாலும், நீர்பாய்ச்சி வீட்டுக்குப் போகாமல் வரப்பிலேயே குடியேறிவிட்டால் அப்பொழுதும் பாயும். சார்கோமாக்களில் சில முதல் வழியிலும் சில இரண்டாம் வழியிலும் உண்டாகின்றன. எல்லாம் அப்படி உண்டாவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லி வைக்க வேண்டும். பின்னால் வரும் துக்கமான கதை ஒன்றுக்கு அதுவே காரணம்.

சார்கோமாவுக்கும் வளர்ச்சிக் காரணிக்கும் உள்ள சம்பந்தம் விநோதமானது. சொல்லப்போனால், வளர்ச்சிக் காரணி என்ற கருத்தே ஒரு சார்கோமாவிலிருந்துதான் பிறந்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் விக்டர் ஹாம்பர்கரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ரீத்தா லெவி மொண்டால்சினி என்ற இத்தாலிய மாது, சுண்டெலியின் சார்கோமாத் துண்டு ஒன்றைக் கோழிக்கருவில் பொருத்தினால், கருவின் நரம்பு நார்கள் தாறுமாறாக வளர்ந்து, போகக்கூடாத ரத்தக்குழாய்களுக்குள்ளும் புகுந்துவிடுவதைக் கண்டார். கட்டியிலிருந்து ஏதோ ஒரு திரவம் கசிந்து இந்த வேலையைச் செய்கிறது என்று ஊகித்த அவர், 1952ஆம் ஆண்டு, கட்டி தாங்கிய சுண்டெலிகளைச் சிறு பெட்டியில் வைத்துக்கொண்டு பிரேசில் தேசத்து ரியோ நகருக்கு விமானமேறி, அங்கே தோழி ஒருவருடைய ஆராய்ச்சிசாலையில் நரம்பு முடிச்சையும் கட்டித் துண்டையும் ஒரே கண்ணாடித் தட்டில் அருகருகே வைத்துப் பார்த்தார். ஒரே நாளில் முடிச்சைச் சுற்றி நரம்பு நார்கள் ஒளிவட்டம்போல் அடர்ந்து முளைத்துவிட்டன. பின்னர் ஸ்டான்லி கோஹென் என்ற ரசாயன நிபுணர் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்ததும், அந்த முயற்சியின் போதே தோலையும் கண்ணிமையையும் வளர்க்கும் மற்றொரு காரணியை அவர் கண்டுபிடித்ததும், இருவருக்கும் 1986இல் நோபெல் பரிசு கிடைத்ததும் பிரசித்தமான சரித்திரம்.

மற்றொரு நூலிழை கோழியிலிருந்து வருகிறது. 1911ஆம் ஆண்டில் நியூயார்க் ராக்பெல்லர் ஸ்தாபனத்தைச் சேர்ந்த பெய்டன் ரௌஸ், ஒரு கோழியின் நெஞ்சில் வளர்ந்த சார்கோமாவை அரைத்து, உயிரணு எதுவும் தப்பிப் போக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அந்த வடிநீரை வேறு கோழிகளுக்கு ஏற்றி, அவற்றுக்கும் சார்கோமா உண்டாவதைக் காட்டினார். அவர் கண்டது ஒரு வைரஸ் என்பதும், அதனிடமுள்ள ஒரே ஒரு மரபணுவே புற்றை விளைவிக்கிறது என்பதும், அந்த மரபணு கோழியின் சொந்த உயிரணுவிலிருந்தே வைரஸ் எப்போதோ களவாடிச் சென்றது என்பதும் படிப்படியாகத்தான் தெரியவந்தன. ரௌஸுக்கு நோபெல் பரிசு 55 ஆண்டுகள் தாமதித்து 1966இல் வந்தது. அந்த மரபணு செய்கிற வேலை இன்னதென்று 1979இல் கலிபோர்னியாவில் டோனி ஹண்டர் கண்டுபிடித்த விதம் சுவையானது. புரதங்களில் பாஸ்பேட் அடையாளம் பதிவதற்கு செரின், திரியோனின் என்ற இரண்டு இடங்களே உண்டு என்று அதுவரை எல்லாரும் நம்பியிருந்தார்கள். பதிவைப் பிரித்தறிய மின்விசைப் பரிசோதனை செய்தபோது, புதிதாகக் கரைசல் தயாரிக்காமல், பலமுறை உபயோகித்துப் புளிப்பேறிப்போன பழைய கரைசலையே ஹண்டர் பயன்படுத்தினார். அதனாலேயே, வழக்கமான கரைசலில் திரியோனினோடு ஒன்றாக மறைந்திருந்திருக்க வேண்டிய மூன்றாவது புள்ளி தனியே விலகித் தெரிந்தது. அந்தப் புள்ளி டைரோசின். ஏற்பிகளின் வாலும் அதே டைரோசினில்தான் அடையாளத்தைப் பதிக்கிறது என்பது விரைவில் தெளிவாயிற்று. இப்படி அடையாளத்தைப் பதிக்கும் புரதங்களுக்குக் கைனேஸ் என்று பெயர்; இன்று அவற்றை அடக்கும் மருந்துகள் டைரோசின் கைனேஸ் தடுப்பான்கள் என்ற பெயரைத் தாங்குவதற்கு, ஒருவர் கரைசலை மாற்றச் சோம்பியிருந்ததும் ஒரு காரணம்.

இரண்டு இழைகளும் 1983இல் ஒன்றாக முறுக்கப்பட்டன. குரங்குக்குச் சார்கோமாவை உண்டாக்கும் ஒரு வைரஸின் மரபணுவையும், ராஸ் கண்ட தட்டணு வளர்ச்சிக் காரணியின் அமைப்பையும், லண்டனில் வாட்டர்ஃபீல்டு குழுவினரும் கலிபோர்னியாவில் டூலிட்டில் குழுவினரும் தனித்தனியே ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்று கண்டு திகைத்தார்கள். காயத்தை ஆற்றும் பொருளே, உயிரணு தனக்குத் தானே ஓயாமல் சுரந்துகொண்டால், புற்றை வளர்க்கும் பொருளாகிறது. இது குரங்கோடு நிற்கவில்லை. தோலில் தழும்பு போல் கிடக்கும் என்று முன்னே குறிப்பிட்ட அந்தச் சார்கோமாவில், 17ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் முறிந்து மாறி ஒட்டிக்கொள்வதால், எப்போதும் சுறுசுறுப்பாக வேலை செய்யும், கொலாஜன் என்னும் நார்ப்புரத மரபணுவின் ஆணைப்பகுதிக்குக் கீழே தட்டணு வளர்ச்சிக் காரணியின் மரபணு போய் அமர்ந்துவிடுகிறது. கொலாஜன் உற்பத்தியாகும் வேகத்தில் வளர்ச்சிக் காரணியும் உற்பத்தியாகிறது. நீர்பாய்ச்சி வரப்பில் குடியேறிய கதை இதுவே.

மடைப்பலகையே உடைந்த கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் சார்கோமா வைத்தியத்தில் தெளிவான வெற்றி என்று தயக்கமின்றிச் சொல்லக்கூடியவற்றில் முதலாவது அதுதான். இரைப்பையின் சுவரிலும் சிறுகுடலின் சுவரிலும் தோன்றும் ஒரு வகைக் கட்டி, நுண்காட்டியில் நூற்கதிர் வடிவ உயிரணுக்களாகத் தெரிவதால், குடல் தசையின் சார்கோமா என்றே நெடுநாள் கருதப்பட்டு வந்தது. டாக்சோரூபிசின் அதனிடம் அநேகமாகத் தோற்றது. பரவிய பிறகு நோயாளி உயிர்த்திருந்தது சராசரியாக ஒன்றரை ஆண்டுதான். 1998ஆம் ஆண்டு ஜப்பானில் ஒசாகாவைச் சேர்ந்த ஹிரோட்டாவும் கிட்டமுராவும் அவர்கள் குழுவினரும், இந்தக் கட்டி தசையிலிருந்து வருவதே இல்லை, குடலின் அசைவுக்குத் தாளம் கொடுக்கும் கஹால் உயிரணுக்களின் இனத்தைச் சேர்ந்தது என்றும், கிட் என்னும் ஏற்பி அதில் நிறைந்திருக்கிறது என்றும், தாங்கள் எடுத்துப் பார்த்த ஐந்து கட்டிகளில் அந்த ஏற்பியின் மரபணு ஒரு குறிப்பிட்ட பகுதியில் பழுதாகியிருக்கிறது என்றும் அறிவித்தார்கள். பழுதான பகுதி, சவ்வை ஒட்டி உட்புறமாக இருக்கும் ஒரு சிறு துண்டு. வளர்ச்சிக் காரணி வராத பொழுது வாலை அடக்கி வைத்திருப்பதே அந்தத் துண்டின் உத்தியோகம். அது கெட்டதும் ஏற்பி யாருடைய ஆணைக்கும் காத்திராமல் இடைவிடாது சமிக்ஞை அனுப்புகிறது. இன்று ஜிஸ்ட் என்று அழைக்கப்படும் இந்தக் கட்டிகளில், நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல் கிட் ஏற்பியும், இன்னும் ஒரு சிறு பங்கில் அதன் உறவான தட்டணு வளர்ச்சிக் காரணி ஏற்பியும் பழுதாகியிருப்பது தெரிந்திருக்கிறது.

அந்தச் சமயத்தில் வேறொரு வியாதிக்காக ஒரு மாத்திரை தயாராகிக்கொண்டிருந்தது. ஸ்விட்சர்லாந்தில் தட்டணு வளர்ச்சிக் காரணியின் ஏற்பியை அடக்கத் தேடிய ரசாயனங்களில் ஒன்றான இமாட்டினிப், ரத்தப் புற்று ஒன்றுக்குக் காரணமான வேறொரு கைனேஸையும் அடக்கியதால், பிரையன் டிரக்கர் என்ற வைத்தியர் அதை ரத்தப் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்து அதிசயிக்கத்தக்க பலன் கண்டிருந்தார். அது கிட் ஏற்பியையும் அடக்கும் என்பது ஆராய்ச்சிசாலையில் தெரிந்ததும், 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம், பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் ஹைக்கி யோவென்சூ என்ற வைத்தியர், உலகிலேயே முதன்முறையாக ஜிஸ்ட் நோயாளி ஒருவருக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தார். சுமார் 50 வயதுள்ள அந்தப் பெண்மணிக்குக் கட்டி ஈரலில் பரவி, பல அறுவைகளும் பல மருந்துகளும் பலனளிக்காமல் போயிருந்தன. தினம் 400 மில்லிகிராம் வாயால் விழுங்கியதில், சில வாரங்களுக்குள் கட்டிகள் பாதியளவுக்குச் சுருங்கின. எட்டு மாதங்களில் நான்கில் ஒரு பங்காயின. சர்க்கரையைக் கட்டி எவ்வளவு விழுங்குகிறது என்று காட்டும் படத்தில், முன்பு ஈரல் முழுவதும் கறுத்துத் தெரிந்த புள்ளிகள் ஒரு மாதத்திற்குள் மங்கி மறைந்தன. ஊசியால் எடுத்துப் பார்த்த திசுவில், நெருங்கி அடர்ந்திருந்த உயிரணுக்களின் ஸ்தானத்தில் கூழ் போன்ற பொருளும் தழும்புமே காணப்பட்டன. இந்த ஒருவரைப் பற்றிய அறிக்கை 2001 ஏப்ரலில் வெளிவந்தது. 2002 பிப்ரவரியில் அமெரிக்க அரசு ஜிஸ்ட்டுக்கு இமாட்டினிப்பை அங்கீகரித்தது. பரவிய ஜிஸ்ட்டோடு உயிர்த்திருக்கும் சராசரிக் காலம் ஒன்றரை ஆண்டிலிருந்து ஏறக்குறைய ஐந்து ஆண்டாக உயர்ந்தது. தோல் சார்கோமாவுக்கும் அதே மாத்திரை 2006இல் அங்கீகாரம் பெற்றது.

இந்த மாத்திரையின் சரித்திரத்தில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. இமாட்டினிப்பின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். அதற்கு ஆதாரமான சட்டப்பிரிவு செல்லாது என்ற வழக்கை 2007இல் தள்ளுபடி செய்தது சென்னை உயர் நீதிமன்றம். கடைசியில் 2013 ஏப்ரல் முதல் நாள் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. மாதம் சுமார் 1,20,000 ரூபாய் என்றிருந்த மருந்தை, இந்தியக் கம்பெனிகள் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கொடுத்துவந்த நிலை அதனால் காப்பாற்றப்பட்டது. ஒரு மருந்து சிறந்தது என்பதற்கும் அது நோயாளியின் கைக்கு வருவதற்கும் இடையே எவ்வளவு தூரம் உண்டு என்பதை இந்த வழக்கைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

வெற்றி என்றேனே தவிர, குணம் என்று சொல்லவில்லை. நோய் பரவியவர்களில் பெரும்பாலோருக்கு, சராசரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, கட்டி மறுபடி தலையெடுக்கிறது. மாத்திரை வந்து பொருந்தும் பள்ளத்தில் ஏற்பியின் அமைப்பு இரண்டாம் முறை பழுதாகி, மருந்து உட்கார இடமில்லாமல் போவதே காரணம். அதற்காக சுனிட்டினிப், ரெகோராபெனிப், ரிப்ரெட்டினிப் என்று அடுத்தடுத்து மருந்துகள் வந்தன; ஒவ்வொன்றும் சில மாதங்களை வாங்கித் தருகிறது. நோய் அடங்கியிருக்கும்போதே மருந்தை நிறுத்திப் பார்த்த பிரெஞ்சு வைத்தியர்கள், பெரும்பாலோருக்கு அது சில மாதங்களில் திரும்பிவிடுவதைக் கண்டார்கள். மடையை அடைத்தால் பயிர் வாடுகிறது, வேர் சாவதில்லை. ஆயினும் இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. மருந்தை எதிர்த்துத் தப்பிக்கும் கட்டி, அநேகமாக அதே கிட் ஏற்பியைத்தான் மறுபடி திருத்திக்கொள்கிறது. வேறு வழியைத் தேடிப் போவது குறைவு. அந்த ஏற்பியை விட்டால் அதற்கு ஜீவனமில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இந்த வெற்றியின் உற்சாகத்தில் ஒரு தர்க்கம் எங்கும் பரவியது: சார்கோமா உயிரணுவின் மேல் ஒரு வளர்ச்சி ஏற்பி தென்படுகிறதா, அதை அடைக்க ஒரு மருந்து செய்வோம். பார்ப்பதற்கு நியாயமாகவே தோன்றும். தட்டணு வளர்ச்சிக் காரணியின் ஆல்பா ஏற்பி பலவகைச் சார்கோமாக்களில் தென்படுவதால், அதை வெளியிலிருந்தே மூடிவிடும் எதிர்ப்புரதம் ஒன்றை எலை லில்லி நிறுவனம் கொண்டுவந்தது. அதன் பெயர் ஒலாரட்டுமாப். டாக்சோரூபிசினோடு இதையும் சேர்த்து 133 நோயாளிகளிடம் நடத்திய பரிசோதனையில், பழைய மருந்தை மட்டும் பெற்றவர்கள் சராசரியாக 14.7 மாதங்களும், இரண்டையும் பெற்றவர்கள் 26.5 மாதங்களும் உயிர்த்திருந்தார்கள். சார்கோமா வைத்தியர்கள் தங்கள் ஆயுளில் கண்டிராத வித்தியாசம் அது. 2016 அக்டோபரில் அமெரிக்க அரசு, மேற்கொண்டு பெரிய பரிசோதனை நடத்தி உறுதி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு, விரைவு அங்கீகாரம் அளித்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்த நோயின் முதற்கட்டச் சிகிச்சைக்கு வந்த புது மருந்து என்று எங்கும் கொண்டாடினார்கள்.

அந்தச் சிறிய பரிசோதனையின் விவரங்களை நிதானமாகப் படித்தவர்களுக்குச் சில சங்கடங்கள் அப்போதே தெரிந்திருக்கும். கட்டி வளராமல் நின்றிருந்த காலத்தில் இரு சாராருக்கும் இருந்த வித்தியாசம் இரண்டரை மாதம்தான். ஆயுளில் மட்டும் ஏறக்குறைய ஒரு வருஷம் எப்படிக் கூடியது? பற்பல வகைச் சார்கோமாக்களை ஒரே கூடையில் போட்டிருந்தார்கள். 133 பேரை அத்தனை வகைக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் சிலரே தேறுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்பி அதிகமாக இருந்த கட்டிக்கும் அது இல்லாத கட்டிக்கும் பலனில் வித்தியாசம் காணப்படவில்லை. அடைக்கப் போன மடை அங்கே இருக்கிறதோ இல்லையோ, பலன் ஒன்றுதான் என்றால், மருந்து அந்த மடையை அடைத்துத்தான் வேலை செய்தது என்று சொல்வதற்கு ஆதாரம் ஏது? 509 நோயாளிகளிடம், யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பது வைத்தியருக்கும் தெரியாதபடி நடத்திய பெரிய பரிசோதனையின் முடிவு 2019 ஜனவரியில் வெளியாயிற்று. ஒலாரட்டுமாப் பெற்றவர்கள் 20.4 மாதங்கள், பெறாதவர்கள் 19.7 மாதங்கள். வித்தியாசம் இல்லை. மருந்து சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

நடந்தது மோசடியல்ல, நிபந்தனை விதித்தவர்களும் அதை நிறைவேற்றியவர்களும் தங்கள் கடமையைச் செய்தார்கள். ஆனால் அந்த ஏற்பி அந்தக் கட்டிகளின் மேல் இருந்ததே தவிர, பெரும்பாலானவற்றில் அது பழுதாகியிருக்கவில்லை. மென்திசு உயிரணுவுக்குக் காயம் ஆற்றும் கடமை இயற்கையிலேயே இருப்பதால், அதற்கான ஏற்பியும் இயற்கையாகவே இருக்கும். புற்றான பிறகும் அது பிறவிச் சொத்தாகத் தொடர்ந்து வரும். பல கால்வாய்களிலும் கிணற்றிலும் நீர் பெறும் வயலில் ஒரு மடையை மட்டும் அடைத்துவிட்டுப் பயிர் வாடும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

இன்சுலினையொத்த வளர்ச்சிக் காரணியின் ஏற்பியைக் குறிவைத்த கதையும் இதற்குத் தூரத்து உறவுதான். சிறுவர்களையும் இளைஞர்களையும் தாக்கும் யூயிங் சார்கோமா, எலும்பிலும் மென்திசுவிலும் தோன்றுவது. 11ஆம், 22ஆம் குரோமோசோம்கள் முறிந்து ஒட்டுவதால் உண்டாகும் கலப்புப் புரதமே அதை வளர்க்கிறது. அந்தக் கலப்புப் புரதம் தன் வேலையைச் செய்ய இந்த ஏற்பி அவசியம் என்று ஆராய்ச்சிசாலையில் தெரிந்ததால், அதை மூடும் எதிர்ப்புரதங்களைப் பல கம்பெனிகள் செய்தன. நோயாளிகளில் பத்தில் ஒருவருக்குக் கட்டி வியக்கத்தக்க முறையில் கரைந்தது. மற்ற ஒன்பது பேருக்கு அப்படி நடக்கவில்லை. அந்த ஒருவரை முன்கூட்டி அடையாளம் காண ஒரு வழியும் அகப்படவில்லை; பின்பு ரசாயனச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்த பெரிய பரிசோதனையிலும் லாபம் தெரியவில்லை. அந்த மருந்துகள் கைவிடப்பட்டன. இதை நான் தோல்வி என்று எழுதத் தயங்குகிறேன். பத்தில் ஒருவருக்கு உண்மையாகவே பலித்த ஒன்றை, அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிக்கப் பொறுமையில்லாமல் விட்டுவிட்டார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

புற்றுக் கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்களின் வளர்ச்சிக் காரணி ஏற்பியைத் தடுக்கும் பஸோபனிப் என்ற மருந்து சார்கோமாவுக்கு 2012இல் அங்கீகாரம் பெற்றது. அது நோயின் வளர்ச்சியைச் சராசரியாக மூன்று மாதம் தள்ளிப்போட்டது. ஆயுளை நிச்சயமாக நீட்டியதாகக் காட்ட முடியவில்லை. வேறு மருந்து இல்லாத இடத்தில் அதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

கிட் ஏற்பிக்கு நிகரான தெளிவான மற்றொரு வெற்றி, மிக அபூர்வமான ஒரு பழுதில் கிடைத்தது. பச்சிளங் குழந்தைகளின் கையிலோ காலிலோ தோன்றும் ஒரு நார்த்திசுச் சார்கோமாவில், 12ஆம் குரோமோசோமும் 15ஆம் குரோமோசோமும் மாறி ஒட்டுவதால், நரம்பு வளர்ச்சிக் காரணிக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஏற்பியின் வால், தலையிலிருந்து வெட்டுண்டு வேறொரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஓயாமல் சமிக்ஞை அனுப்புகிறது. லெவி மொண்டால்சினி சுண்டெலியின் சார்கோமாவில் கண்ட காரணியின் குடும்பம்தான் இது. 2018இல் அங்கீகாரம் பெற்ற லாரோட்ரெக்டினிப், இந்தப் பழுது உள்ள கட்டி சரீரத்தில் எங்கே இருந்தாலும், நோயாளி கைக்குழந்தையாயினும் கிழவராயினும், அதைச் சுருக்கிற்று. முதலில் வெளியான கணக்கில், சிகிச்சை பெற்ற 55 பேரில் நான்கில் மூன்று பங்கினருக்குப் பலன் கிடைத்தது. காலையே எடுத்துவிட வேண்டும் என்றிருந்த சில குழந்தைகளுக்கு, கட்டி சுருங்கியபின் காலைக் காப்பாற்றி அறுவை செய்ய முடிந்தது.

ஆகவே, எந்த ஏற்பி தென்படுகிறது என்று பார்ப்பதைவிட, எந்தப் பழுதினால் கட்டி ஜீவிக்கிறது என்று பார்ப்பதே சிகிச்சையின் முதற்படி. ஜிஸ்ட் என்ற ஒரே பெயருக்குள்ளும் இந்த விதி பொருந்தும். கிட் மரபணுவின் 11ஆம் பகுதி பழுதானவர்களுக்கு இமாட்டினிப் நன்றாகப் பலிக்கிறது. 9ஆம் பகுதி பழுதானவர்களுக்கு இரட்டிப்பு அளவு வேண்டியிருக்கிறது. தட்டணு வளர்ச்சிக் காரணி ஏற்பியில் ஒரு குறிப்பிட்ட எழுத்து மாறியவர்களுக்கு அது அறவே பலிக்காது, 2020இல் வந்த அவாப்ரிட்டினிப்தான் பலிக்கும். இளம் வயதினருக்கு வரும் இன்னொரு வகையில் இந்த ஏற்பிகள் எதுவுமே பழுதில்லை, ஆகையால் இமாட்டினிப் கொடுப்பது பெரும்பாலும் வீண். நுண்காட்டியில் இந்த வேற்றுமைகளை நிச்சயமாகப் பிரித்தறிய முடியாது. மரபணுவைப் படித்தால்தான் தெரியும்; படிப்பதற்குத் திசு வேண்டும்.

வாசகர்கள் தங்கள் வீட்டுக் காரியமாக நினைவில் வைக்க வேண்டியது இதனால் ஏற்படுகிறது. கையிலோ காலிலோ உடலிலோ ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டியோ, ஆழத்தில் இருக்கும் கட்டியோ, நாளுக்கு நாள் பெருத்துவரும் கட்டியோ இருந்தால், வலி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அதை அலட்சியம் செய்யவும் கூடாது, கொழுப்புக் கட்டி என்று எண்ணி அவசரப்பட்டு அறுத்தெடுக்கவும் கூடாது. முதலில் படமெடுத்து, சார்கோமாவில் பழக்கமுள்ள புற்றுநோய் மருத்துவமனையில் ஊசியால் சிறிது திசு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சார்கோமா என்று முடிவானால், எந்த வகை, மரபணுப் பரிசோதனை தேவையா என்று வைத்தியரைத் தயங்காமல் கேளுங்கள். மெழுகில் பதித்து வைத்த திசுக்கட்டி எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்பதை எழுதி வைத்துக்கொண்டு, பரிசோதனை அறிக்கையின் அசலைப் பத்திரப்படுத்துங்கள்.